பத்துமலை திருப்பிய சக்கரம்

செமோர் ஊர்க் கோயிலுக்கு மாப்பிள்ளை வரப் பத்து நிமிடமே இருந்தது. கேமராவில் கண்ணை வைத்த குமுதாவுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. இருபது வருஷமாகக் கல்யாணப் படம் எடுப்பவள் பதறிப்போனாள்.

"என்னங்க, என் கண்ணு போச்சு!"

கணவன் பத்துமலை நெளிந்தான். "கண்ணுக்கு ஒண்ணுமில்லலா. கண்ணு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல குட்டிச் சக்கரம் இருக்குல்ல, அதைத் திருப்பு."

திருப்பினாள். மணப்பெண்ணின் மூக்குத்திகூடப் பளிச்சென்று தெரிந்தது.

"கேமராவைத் தொடவே மாட்டீங்களே, இது எப்படித் தெரியும்?"

"நேத்து என் பார்வைக்கு ஏத்தாப்ல நான்தான் திருப்புனேன். ஊரையே எடுக்குற, உன்னை எடுக்க ஆளில்லையே."

அவசரமாகக் கேமராவில் இருந்த நேற்றைய படங்களைத் தள்ளிப் பார்த்தாள். துணி காயப்போடும் குமுதா, கோழியை விரட்டும் குமுதா, வாய்விட்டுச் சிரிக்கும் குமுதா.

"அடுத்த தடவை சொல்லிட்டு எடுங்க," என்றாள் முகம் சிவந்து. "நல்ல சேலை கட்டிக்கிறேன்."