இறங்காத பிரஷர்

"இப்ப எந்திரிங்கப்பா. மெதுவா."

சங்கிலிக்கு மெதுவாக எழும்பத் தெரியாது. புறக்கோட்டைச் சந்தையில் கொச்சிக்காய் மூட்டை சுமந்த உடம்பு. மூச்சை அடக்கி ஒரே தம்மில்தான் எழும்பும்.

பாயிலிருந்து அப்படியே எழுந்து நின்றார். நின்ற பிறகுதான் இருமல் வந்தது.

மகள் சுபாஷினி அவர் கையில் பட்டியைச் சுற்றி, பிரஷர் மெஷினை அமுக்கினாள்.

ஆறாயி புருசனைத் தாங்கிப் பிடிக்க இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள், கோழி பிடிக்கப் போகிறவள் மாதிரி.

கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்பில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான். எதிர்வீட்டு பேர்னாட் தன் வாசற்படியில் இருந்தபடியே எல்லாம் பார்த்தார்.

"ஒதுங்குங்க ஆறாயிக்கா. அந்த ஆளு விழுந்தா ஒங்களையும் சேத்துத்தான் தூக்கணும்."

மிளகாய் மூட்டைத் தூசியா வேறு ஏதுமா, ஒருவருக்கும் தெரியாது. சங்கிலியின் நுரையீரல் தழும்பு பிடித்து இறுகிக்கொண்டு வருகிறது. இருக்கிற மருந்தெல்லாம் பார்த்தாயிற்று. ஒன்று வயிற்றைக் கெடுத்தது. மற்றது கேட்கவில்லை. கடைசியாக, இன்னும் கடைக்கு வராத ஒரு குளிசையைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதில் சேர்ந்தார். இதுவும் இல்லையென்றால் வேறு இல்லை.

முதல் நாட்களில் எழும்பும்போது பிரஷர் சட்டென்று இறங்கும், தலை சுற்றும், விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சுபாஷினிக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் வேலை செய்கிற லேப்பில் செய்து பார்ப்பதும் இதே இனத்து மருந்துதான்.

நுரையீரல் புண்பட்டால் ஒரு கொழுப்புத் துணுக்கு வந்து செல்லின் கதவைத் தட்டும். தட்டத் தட்டத் தழும்பு வளரும். அந்தத் துணுக்குக்கு ஆறு கதவுகள். முதல் கதவை மட்டும் அடைக்க வேண்டும், மற்றதைத் தொடக்கூடாது.

அதை ஒருமாதிரிச் செய்துவிட்டார்கள். ஆனால் அதே முதல் கதவு ரத்தக் குழாயிலும் இருக்கிறது. அங்கேயும் அடைபடும், பிரஷர் இறங்கும். அந்த ஒரு கெடுதலை நீக்கத்தான் அவர்கள் மூலக்கூறைப் பிரித்துப் பிரித்துத் திரும்பக் கட்டுகிறார்கள். இன்னும் முடியவில்லை.

மெஷின் கத்தியது. படுத்திருந்தபோது காட்டிய அதே அளவு.

"சுத்துதாப்பா?"

"எனக்கா? நீ செய்ற மருந்துதானே புள்ள. அப்பன கவுக்குமா?"

ஆறாயி விரித்த கையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோறு போடக் குசினிக்குப் போனாள்.

இப்போது மூச்சும் கொஞ்சம் லேசாக இருக்கிறது என்று சங்கிலி பேர்னாட்டிடம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டுதரம் நின்று மூச்சு வாங்கினார்.

"நல்லா இருக்குப்பா" என்று பட்டியைக் கழற்றினாள் சுபாஷினி.

குளிசை தொடங்கிய நாளிலிருந்து காலையும் மாலையும் பார்க்கிறாள். ஒருதரம்கூட இறங்கவில்லை.

சேர்க்கும்போதே சொன்னார்கள். பாதிப் பேருக்குத்தான் மருந்து. மற்றப் பாதிக்கு அதே நிறத்தில் வெறும் மாக்குளிசை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது.

சங்கிலி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் செய்கிற இனத்து மருந்து, மகளின் அப்பனுக்குக் கிடைக்காமல் போகுமா?

அப்பா ஒருதரம் தடுமாற வேண்டும் என்றுதான் அவள் தினமும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

குசினிக்குப் போனாள். ஆறாயி கோப்பையில் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தாள்.

உப்புக் கூடினால் அது பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும். அப்படி இருந்தால் குளிசை உண்மையானதாகவும் இருக்கலாம்.

"அம்மா, அப்பா விழுந்துருவாருன்னு பயந்து கறியில உப்புக் கூடப் போட்டியா? கருவாடு ஏதும் குடுத்தியா?"

கெஞ்சுகிற குரல்தான். ஆறாயிக்கு அது பழிபோடுகிற குரலாகக் கேட்டது. அகப்பையைக் கீழே வைத்தாள்.

"மாரியம்மா சத்தியமா ஒரு கல்லுக் கூடப் போடலடி. கருவாட்ட அந்த மனுசன் கண்ணுல கூடக் காட்டல."

சுபாஷினி அகப்பையை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"போட்டிருக்கலாமேம்மா" என்றாள்.