ஊறிவரும் மின்சாரம்

கேபிள் சோதனை முடிந்து சப்ளையைத் துண்டித்ததும், தவசியப்பன், கேபிளில் தேங்கிய மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடை நடுக்கம்பியில் வைத்தார். படீரென்று பொறி பறந்தது.

"பாத்தியா இருதயராஜ், அம்புட்டும் இறங்கிருச்சு."

வழக்கமாக ராடை அங்கேயே மணிக்கணக்கில் மாட்டி வைப்பவர், இன்று உடனே எடுத்துச் சுவரில் சாய்த்தார். நடுக்கம்பிக்கும் வெளி உறைக்கும் இடையில் இருக்கிற தடித்த பிளாஸ்டிக், தான் குடித்த மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பிக்கே திருப்பிக் கக்கும்; ராடு இல்லாவிட்டால் சற்று நேரத்தில் ஆளைக் கொல்லும் அளவுக்குச் சேர்ந்துவிடும். இருபத்தாறு வருஷமாக அவருக்குத் தெரிந்த சங்கதி இது. நேற்று மேனேஜர் முன்னால் அவர் போட்ட அளவைத் திருத்திவிட்டுச் சிரித்தானே, வேலைக்கு வந்து ஒன்பதே நாளான இந்த இருதயராஜ், அவனுக்குத் தெரியாது.

"டீயைக் குடி. என்ன அவசரம்?"

அவன் மகளுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரித்தார். அவன் வாயெல்லாம் பல்லாகச் சொன்னதை முழுக்கக் கேட்டார். டீ தீர்ந்ததும் அவன் கையுறையைத் தேடினான்.

"அது எதுக்கு? உன் கண்ணு முன்னாலதான இறக்குனேன்."

"நீங்க சொன்னா சரிதாண்ணே" என்று அவன் கேபிளை நோக்கி நடந்தான்.

"இருப்பா" என்றார் தவசியப்பன். அவன் கையிலிருந்த கண்ணாடி டம்ளரை வாங்கிக்கொண்டார். கீழே விழுந்தால் உடைந்துவிடும்.