மாடி வீட்டு ஒத்திகை

மாடியிலிருந்து அந்த அலறல் கேட்டதும் மர்சலின் கையிலிருந்த டம்ளர் குலுங்கி, வெந்நீர் புடவையில் சிந்தியது. மயிலாப்பூரில் அந்த ஃபிளாட்டுக்கு அவள் போன வாரம்தான் குடிவந்திருந்தாள். எதிர்வீட்டு ஸ்ரீரஞ்சனி உள்ளே அழைத்து உட்கார வைத்தபோது, தொண்டை கட்டியிருந்ததால் காபி வேண்டாமென்று வெந்நீர் கேட்டிருந்தாள்.

"பயப்படாதீங்கோ," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "மேல நடிகை நீலரேகா இருக்கா. பேய்ப் படத்துலல்லாம் வருவாளே, அவதான். அலறி ப்ராக்டீஸ் பண்றா. எங்களுக்குப் பழகிடுத்து."

"ப்ராக்டீஸ்னு யார் சொன்னா?"

"அவ ஆத்துக்காரர்தான். கொஞ்சம் பொறுத்துக்கோங்கோன்னு ஒவ்வொரு ஆத்துலயும் வந்து சொன்னார். தங்கமான மனுஷன். பட கேசட்ல அவ அலறலைக் கேட்டிருக்கேளா? உடம்பெல்லாம் நடுங்கும்."

மறுபடியும் அலறல். கூடவே ஏதோ உருண்டு விழும் சத்தம்.

மர்சலின் டம்ளரை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"எங்க போறேள்? நடுவுல போனா கோச்சுக்கப் போறா."

"படத்துல அவங்க வாயை மட்டும்தான் திறப்பாங்க மாமி," என்றாள் மர்சலின், கம்மிய குரலில். "எனக்கு டப்பிங் வேலை. முதல் படத்துலேர்ந்து அவங்களுக்காக அலறுறது நான்தான்."

ஸ்ரீரஞ்சனி அண்ணாந்து பார்த்தாள். மாடியில் சத்தம் நின்றுபோயிருந்தது.