பத்தியச் சமையல்

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மலர்ந்தது. "மூணே மாசத்துல சர்க்கரை, கொழுப்பு, எடை எல்லாமே இறங்கிடுச்சே. என்ன செஞ்சீங்க?"

கணவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "எல்லாம் என் சமையல்தான் டாக்டர். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. வேகவச்ச காய் மட்டும்தான்."

"அதான் ஆளும் கலகலன்னு இருக்காரு. இப்போ செய்யறதையே விடாம செய்யுங்க சார்."

"நீங்க சொல்லி மீறுவேனா டாக்டர்?" என்றார் கணவர் பவ்யமாக.

அன்று மாலையும் அவர் மீறவில்லை. பக்கத்துக் கடைக்குப் போனால் மனைவியின் காதுக்கு எட்டிவிடும் என்று, நூலகத்தைச் சாக்குச் சொல்லிவிட்டு, வழக்கம்போல நாலு கிலோமீட்டர் வேர்க்க விறுவிறுக்க நடந்தார். சிநேகிதர்களோடு சிரித்துப் பேசியபடியே பொரித்த மீனை ஒரு பிடி பிடித்துவிட்டு, அதே நாலு கிலோமீட்டரை நடந்தே திரும்பினார்.