கடைசி லைன்

“கடைசி லைன்தான் ரொம்ப வீக்கா இருக்காம் அக்கா. அதைத் தூக்கிட்டா எல்லாம் சரியாயிடுமாம். அந்தத் தொரசாணி வர்ற வழியெல்லாம் போன்ல இதையேதான் பேசிக்கிட்டு வந்தாங்க.”

வேன்காரன் றிஸாத் குரலைத் தாழ்த்திச் சொன்னதும் ஜீவராணி குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். மடுல்சீமையின் அந்தத் தோட்டத்தில் கடைசி லைன் என்றால், வரிசையாய் ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் அவள் குடியிருக்கும் லயம்தான்.

போன மழையில் மேட்டு மண் சரிந்ததிலிருந்து லயங்களை இடிக்கப் போவதாக ஒரு பேச்சு. மாற்று வீட்டைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறக்கவில்லை.

பதுளையிலிருந்து றிஸாத்தின் வேனில் வந்திறங்கிய வெள்ளைக்காரத் துரைசாணி, லயத்தின் முன்னால் மேலும் கீழும் நடந்தாள். சுவரையே பார்த்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, விரல்களை மடக்கி மடக்கி எண்ணினாள்.

“அளக்குறா பாருடி,” என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சிவசக்தி. “நீதான் அம்பது வயசுல ஆனா ஆவன்னா படிச்ச மேதாவியாச்சே. போய்ப் பேசேன்!”

“கைநாட்டு வைக்காம கையெழுத்துப் போடத்தான்டி படிச்சேன். இங்கிலீசுக்கு நான் எங்க போவேன்?”

துரைசாணி றிஸாத்திடம் ஏதோ சொல்லிப் பெருமூச்சு விட்டாள்.

“என்னவாம் தம்பி?”

“லைனை எங்க உடைக்கிறதுன்னு யோசிச்சு யோசிச்சே ராவெல்லாம் தூக்கம் இல்லையாம். இன்னைக்கு எப்படியும் முடிச்சிருவாங்களாம்.”

காலையிலிருந்து மலையேறிக் கொழுந்து பறித்துக் களைத்திருந்தாள் ஜீவராணி. இருந்தும் போய்த் துரைசாணியின் எதிரில் நின்றாள்.

“தொரசாணியம்மா, எம் புருஷன் போட்டோகூட எங்கிட்ட இல்ல. அவரு தலை சாஞ்ச எண்ணெக் கறைதான் அந்தச் சுவத்துல இருக்கு. அதை மட்டும் உடைச்சிராதீங்க. தம்பி, ஒரு வார்த்தை விடாம சொல்லுய்யா!”

றிஸாத் தட்டுத் தடுமாறி இங்கிலீசில் சொன்னான். துரைசாணியின் முகம் மாறியது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அடியில் இருந்ததைப் பேனாவால் பரபரவென்று அடித்து, கீழே ஏதோ எழுதினாள்.

“போச்சுடி! நம்ம லைனை அடிச்சிட்டா!” சிவசக்தி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

றிஸாத்துக்கே பொறுக்கவில்லை. துரைசாணியிடம் போய் நேராகவே கேட்டான். அவள் தாளைக் காட்டி ஏதேதோ சொன்னாள். அவன் அசடு வழியத் திரும்பி வந்தான்.

“அக்கா, இவங்க கவிதை எழுதுறவங்களாம், இந்த லயத்தைப் பத்தித்தான் எழுதுறாங்களாம். லைன்னா, எழுதுற வரியாம்; உடைக்கிறதுன்னா, வரியை மடிச்சு எழுதுறதாம். கடைசி வரி சரியா அமையாமத்தான் இவ்வளவு நாளும் தவிச்சாங்களாம்… இப்ப உங்க புருஷனோட எண்ணெக் கறையையே கடைசி லைனா வச்சிட்டாங்களாம்.”