துணைக்கு வந்தவள்

காய்ச்சல் இல்லை என்று நர்ஸ் எழுதிக்கொண்டு நகர்ந்த பிறகுதான் டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விடியற்காலையில் உடம்பு அனலாய்க் கொதித்தது. இரண்டு மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் மென்று விழுங்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

பின்னே என்ன செய்வான்? வருஷக்கணக்கில் எதிர்பார்த்த போன் இப்போதுதான் வந்திருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் போய்ச் சேர்ந்துவிட்டான், அவனுடைய சிறுநீரகம் ஒன்று உனக்குப் பொருந்தும், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் உடனே வா என்கிறார்கள். இந்த நேரம் பார்த்தா அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்து தொலைய வேண்டும்!

காய்ச்சலோடு கத்தி வைத்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். சொன்னால் சொல்லட்டும். இப்போது மட்டும் என்ன உத்தரவாதம் வாழ்கிறதாம்?

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே தம்பி?" என்று கேட்டாள் ஜெராக்ஸ் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. கல்லு மாதிரி இருக்கேன்."

டாக்டரிடம் பொய் சொன்னபோது வராத கூச்சம், இவளிடம் சொன்னபோது வந்தது.

ஒரு காலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாளாம். வியாதி வந்ததும் கடை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ரத்தம் சுத்திகரிக்கும் வார்டில் இவனுக்குப் பக்கத்துக் கட்டில். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு பேரும் அடுத்தடுத்த மெஷினில் கிடப்பார்கள்.

அந்த வார்டுக்கு மாமியார் வீடு என்று பெயர் வைத்தவளே அவள்தான். கவனிப்புக்கு ஒரு குறையும் இல்லை, வெளியேதான் விடமாட்டார்கள் என்பாள்.

முதல் நாள் அந்தத் தடிமனான ஊசியைப் பார்த்து இவன் வெலவெலத்துப் போனபோது, லாரி ஓட்டுகிற கையா இது என்று கேட்டு வார்டையே சிரிக்க வைத்தாள். அளந்து குடிக்கும் தண்ணீர் போதாமல் இவன் தாகத்தில் அழுத நாளில், ஒரு ஐஸ் துண்டை நாக்கில் போட்டுக்கொள், கடிக்காதே, பொறுமையாகக் கரையவிடு என்று சொல்லித்தந்ததும் அவள்தான்.

அவள் இவனுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்தவள். குத்திக் குத்தி இரண்டு கையிலும் நரம்பு வீணாகிவிட்டது. இப்போது கழுத்தில் குழாய். அதுவும் அடைத்துக்கொண்டால் அப்புறம் என்ன என்பதை அவளும் கேட்பதில்லை, டாக்டரும் சொல்வதில்லை.

காலையில் இவன் வந்தபோது ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யார் சொன்னார்களோ தெரியவில்லை. மாமியார் வீட்டில் எதுதான் ரகசியம்?

"துணைக்கு ஒரு ஆள் வேணாமா உனக்கு?" என்றாள்.

மனைவி என்றைக்கோ தாய்வீட்டோடு போய்விட்டாள். அண்ணனுக்குப் போன் போட்டால், பார்க்கலாம் என்றான். அவன் பார்க்கலாம் என்றால் வரமாட்டான் என்று அர்த்தம். கூடப் பிறந்தவன் கைவிட்ட இடத்தில், பக்கத்து மெஷின்காரி வந்து உட்கார்ந்திருக்கிறாள். இந்த வியாதி பிடுங்கிக்கொண்டதெல்லாம் போக, கொடுத்தது என்று ஒன்று உண்டென்றால் அது இவள்தான் என்று நினைத்துக்கொண்டான்.

தள்ளுவண்டி வந்தது. ஏறிப் படுத்தான். அவனுடைய செருப்பையும் சட்டையையும் அக்கா வாங்கித் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். பயப்படாதே, தூங்கி எழுந்தால் முடிந்துவிடும் என்று நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

வண்டியைத் தள்ளப்போன நர்ஸ் அவளிடம் திரும்பினாள்.

"நீங்க இனிமே சாப்பிடலாம்மா. இவருக்கே எல்லாம் சரியா இருக்கு. அடுத்த தடவை ஏதாவது வந்தா உங்களைக் கூப்பிடறோம்."

"சரிம்மா" என்றாள் அக்கா, நிற்காமல் போய்விட்ட பஸ்ஸைப் பார்ப்பவள் மாதிரி.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது.

இவளுக்கும் போன் வந்திருக்கிறது. இவன் தேறாவிட்டால் அது அவளுக்கு. காலையிலிருந்து அவளும் பட்டினி கிடந்துகொண்டு, அதை வாய்விட்டுச் சொல்லாமல், இவனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

உடம்புக்கு ஒண்ணுமில்லையே என்று எதற்குக் கேட்டாளோ. எதற்காகக் கேட்டிருந்தாலும், இவன் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.

வண்டி உருண்டது. வாயை மூடிக்கொண்டு கிடந்தால் போதும், எந்த நாய்க்கும் தெரியப்போவதில்லை. அவனுக்கு வாழ வேண்டும் போலிருந்தது. வெட்கமில்லாமல், பேராசையோடு, வாழ வேண்டும் போலிருந்தது. மாத்திரையின் வேகம் குறைந்து, முதுகில் குளிர் ஏறத் தொடங்கியது.

"சிஸ்டர், காலைல எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டு மறைச்சிட்டேன்."

வறண்ட தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. பயப்படாதீங்க, எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் தள்ளினாள்.

தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தான். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் உள்ளே போய்விட்டால் இன்றைக்கு அவளை மேஜையில் ஏற்றமாட்டார்கள்.

அவள் பன்னைப் பிய்த்தாள்.

டிரைவர் வண்டியின் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"அக்கா! அதை வாயில வச்சிடாதீங்க!"