எஞ்சிய காலடிகள்

செஞ்சிக் கோட்டையின் படிகள் தேயாமலிருக்க, ஓர் ஆளுக்கு ஆயுள் முழுக்க இரண்டாயிரம் காலடிதான் என்று சட்டம் வந்திருந்தது. கணுக்காலில் மாட்டிவிடும் வளையம் அதை எண்ணும். இறங்குவதற்கு, நிற்கும் இடத்துக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் ரோப் கார் உண்டு. ஏறுவது சொந்தக் காலில்தான்.

பாதி மலையில் கமலக்கண்ணி அம்மனைக் கண்டதும், பழக்க தோஷத்தில் பாக்கியம் அடிமேல் அடி வைத்து மூன்று சுற்று வந்துவிட்டாள். வளையம் சிவந்தது.

"அம்மனைச் சுத்துனதுமா சேத்தி?"

"கல்லுக்கு சாமி நடை, சாதா நடை தெரியாதுக்கா. இனிமே உங்க கால் தரையில படக்கூடாது," என்றாள் காவல்காரப் பெண்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க." கணவர் வேதாசலத்திடம் சொல்லிவிட்டுப் பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் குனிந்து முதுகைக் காட்டினார்.

"அறுவது வயசுல என்னங்க கூத்து இது!"

"ஏறிக்கோங்கக்கா, வளையம் எடை பாக்காது," என்று காவல்காரப் பெண் சிரித்தாள்.

பாரத்தில் அவர் காலடிகள் குறுகின. உச்சி மதிலுக்கு நாலடி முன்னே அவர் வளையமும் சிவந்தது. மதில் அவரைவிட உயரம். முதுகிலிருந்தவளுக்கு மட்டும் அதற்கு அப்பால் தெரிந்தது.

"என்ன தெரியுது?"

அவள் அவர் தோளைப் பிடித்து இன்னும் எம்பினாள்.

"மலைக்கு மலை மதில் ஓடுதுங்க... இதை மனுசங்களா கட்டுனாங்க?"

சரியும் அவளை அவர் மூச்சிரைக்க மேலே உந்திப் பிடித்தார்.

"போலாமாங்க?"

"மெதுவா பாரு," என்றார்.